ஆயில் கசியும் பழைய இன்ஜின்: சீல் மாற்றுவதா, ரிங் போடுவதா, முழு வேலையா?

பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டத் தொடங்கினால் பட்டறைக்குப் பட்டறை ஒரு பதில் கிடைக்கும். "பின் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்பார் ஒருவர், கிராங்க்கின் பின்முனை ஆயில் சீலைச் சொல்கிறார். "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, ரிங் மாத்திடலாம்" என்பார் அடுத்தவர், எரிந்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வருவதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார். மூன்றாமவர் சிலிண்டரையே கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வரை போவார். நான்காமவரிடம் செகண்ட் இன்ஜின் ஒன்று தயாராக இருக்கும். நால்வரும் சொல்வது ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். உங்கள் வண்டிக்கு எது சரி என்பது, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடான கிராங்க்கேஸுக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளந்தாலே பாதி தெரிந்துவிடும். அதை அளக்காமல் சீல் வாங்கப் போகாதீர்கள்.

எவ்வளவு நல்ல இன்ஜினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். பெட்ரோல் கார்களில் அதை பிசிவி வால்வ் வழியாக இன்டேக் மேனிஃபோல்டு உறிஞ்சிக்கொள்ளும். பழைய டீசல்களில் இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரிலிருந்து பிரீதர் ஹோஸ் என்ற மூச்சுக்குழாய் ஒன்று ஏர் ஃபில்டர் பக்கமோ, நேராகக் கீழே ரோட்டைப் பார்த்தோ போகும். இறங்கும் வாயு கூடினாலும், வெளியேறும் வழி சுருங்கினாலும் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறும் அளவைக் கேட்டால் அற்பமாகத் தோன்றும்: 200 மி.மீ. உயரத் தண்ணீர், அதாவது 0.3 பிஎஸ்ஐ கூட இல்லை. ஆனால் 50 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள டாப்பெட் கவரின் மேல் அந்த அழுத்தம் போடும் விசை ஏறத்தாழ 15 கிலோ, அதுவும் பிஸ்டனின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் கூடிக் குறையும் விசை. காய்ந்துபோன கார்க் பேக்கிங் அதை எத்தனை நாள் தாங்கும்? ஆயில் சீலின் உதடும் தெறிக்கும் ஆயிலைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது. உள்ளிருந்து தள்ளும் காற்றை நிறுத்த அல்ல. அழுத்தத்தை அப்படியே விட்டுப் புது சீல் போட்டால் அதுவும் கசியும், இல்லாவிட்டால் கசிவு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும்.

ஆயில் மூடியா, மட்டக்குழாயா

ரோட்டோரச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததே: வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைப்பது. மூடி ஆடினால் "இன்ஜின் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். டீசலில் இது பெரிதும் ஏமாற்றும் சோதனை. பிஸ்டன்கள் ஏறி இறங்குவதாலேயே காற்று துடிக்கும், நல்ல டீசலிலும் மூடி கொஞ்சம் ஆடும். விட்டு விட்டு வரும் மெல்லிய ஆவியைப் பொருட்படுத்த வேண்டாம். புகை போல ஒரே ஓட்டமாக அடித்தால், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பினால், அதன் குழாய் வாயில் ஆயில் துளி தெறித்தால் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் காரில் மூடியைக் கழற்றிய வாய்மேல் ஒரு மெல்லிய பாலித்தீன் காகிதத்தை வைத்தால் ஐடிலில் அது உள்ளே இழுபட வேண்டும். வெளியே உப்பினால் பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது வாயு அதன் சக்திக்கு மீறி வருகிறது.

எண்ணாக வேண்டுமென்றால் கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயே போதும். தெளிந்த பிளாஸ்டிக் டியூப் இரண்டு, மூன்று மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் 'யு' வடிவில் கட்டி, இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். ஒவ்வொரு கையும் அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பாதி வரை தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு மை விடுங்கள். ஒரு முனையை ரப்பர் ஹோஸ் துண்டு வழியாக டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாக மாட்டி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். ஒரு பக்கம் 40 மி.மீ. இறங்கி மறுபக்கம் 40 ஏறினால் கணக்கு 80. தண்ணீர் துள்ளிக்கொண்டே இருந்தால் டியூபுக்குள் சிறு ஸ்பாஞ்ச் துண்டைத் திணியுங்கள், அடங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக் குழாயின் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும். அப்படியானால் அளவு தவறாக வரும். அந்த வண்டிகளுக்குப் பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு நிப்பிள் வைத்து அதில் டியூபை மாட்டுங்கள்.

இன்ஜின் சூடாகி, ஆயில் மட்டம் சரியாக இருந்து, பிரீதர் வழக்கம்போல் மாட்டியிருக்கும் நிலையில் அளக்க வேண்டும். பிசிவி உள்ள பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 10 முதல் 50 மி.மீ. வரை உறிஞ்சலைக் காட்டினால் ஆரோக்கியம். முழு ஆக்ஸிலரேட்டரில் கொஞ்ச நேரம் அழுத்தம் பக்கம் போவது இயல்பு. திறந்த பிரீதர் உள்ள டீசல் ஐடிலில் 10, 20 மி.மீ. காட்டும், பளுவில் 50 வரை போகலாம். 100-ஐத் தாண்டி நின்றால் காரணம் தேடியாக வேண்டும். இவை தோராய வரம்புகள். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் எண் இருந்தால் அதுவே வேதம். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது பளு ஆகாது. டியூபை நீட்டி உள்ளே பக்கத்து சீட்டுக்குக் கொண்டுவந்து, மேட்டில் மூன்றாம் கியரில் ஏறும்போது இன்னொருவர் படித்துச் சொல்வதுதான் உண்மை அளவு.

ரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன்

அழுத்தம் அதிகம் என்று தெரிந்ததும் பிஸ்டன் பக்கம் ஓட வேண்டாம். முதலில் ஆயில் மட்டம். குறிக்கு மேல் ஊற்றியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி எல்லா இடுக்கிலும் தள்ளும். வடித்தாலே கசிவு நின்ற வண்டிகள் உண்டு. அடுத்தது பிரீதர். ஹோஸ் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஆயிலில் ஊறி உள்ளே சப்பிப்போயிருக்கும். டாப்பெட் கவருக்குள் இருக்கும் கம்பி வலை கரி மண்டியில் அடைத்திருக்கும். புகை வருகிறதே என்று யாரோ ஹோஸில் ஒரு போல்ட்டைச் சொருகி வைத்திருப்பதும் அபூர்வம் அல்ல. ஹோஸைக் கவரிலிருந்தே பிடுங்கிவிட்டு மட்டக்குழாயைப் பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் அடைப்பு ஹோஸில். பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வர வேண்டும். ஐடிலில் அதன் வாயை விரலால் மூடினால் உறிஞ்சல் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மாற்றிவிடலாம், இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றிலும் மலிவான பொருள் அதுதான்.

டீசல் வண்டிக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் வேக்குவம் பம்ப். பொலிரோ, சுமோ போன்ற பழைய டீசல்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுவது அதன் வேலை. உறிஞ்சிய காற்று, பம்புக்கு வந்த ஆயிலோடு சேர்ந்து, தடித்த ரிட்டர்ன் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள்தான் போகும். பூஸ்டர் சரியாக இருந்தால் உள்ளே வேக்குவம் நிரம்பியதும் பம்ப் தள்ளக் காற்று இருக்காது. பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ பம்ப் ஓய்வில்லாமல் வெளிக்காற்றை இன்ஜினுக்குள் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே பேக் கம்ப்ரஷன் என்று எண்ணி இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. சோதனை ஒரு நிமிட வேலை: வண்டியை நிறுத்தி வைத்து, ஐடிலில், பம்புக்கும் பூஸ்டருக்கும் நடுவில் உள்ள ஹோஸைத் துணி சுற்றி பிளையரால் நசுக்குங்கள். மட்டக்குழாயில் அளவு இறங்கினால் குற்றவாளி பிரேக் பக்கம். மிதிக்கும்போது 'உஸ்' என்று சத்தம், பிரேக் கல் போல இறுகுதல் ஆகியவை கூடவே இருக்கும். இது இன்ஜின் பிரச்சினைக்கு முன்னால் பிரேக் பிரச்சினை. அந்த வண்டியைச் சரிசெய்யாமல் ரோட்டில் எடுக்கக் கூடாது.

ஏர் பிரேக் லாரிகளில் இதே கதையைக் கம்ப்ரஸர் சொல்லும்: அதன் ரிங் தேய்ந்தால் அழுத்தக் காற்று ஆயில் ரிட்டர்ன் வழியாக இன்ஜினின் அடித்தொட்டியான சம்புக்கு வரும். டர்போ உள்ளவற்றில் டர்போவின் சீல் தேய்ந்தாலும் அப்படியே.

கம்ப்ரஷன் டெஸ்ட்டா, லீக் டவுனா

மேற்சொன்னவை எல்லாம் சரி, அழுத்தம் மட்டும் குறையவில்லை என்றால் சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் எல்லாப் பட்டறையிலும் இருக்கும். பெட்ரோலில் பொதுவாக 150 முதல் 190 பிஎஸ்ஐ, டீசலில் 350 முதல் 450 வரை. மொத்த எண்ணைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் முக்கியம், 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பெட்ரோலில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். டீசலில் இந்த ஆயில் வித்தையைச் செய்யாதீர்கள். எரியறை அவ்வளவு சிறியது, அளவு பொய்யாகும், ஆயிலே எரிந்து வெடிக்கவும் கூடும்.

ஆனால் கம்ப்ரஷன் டெஸ்ட் ஏமாற்றும். கரி படிந்து எரியறை சுருங்கிய இன்ஜின் தேய்ந்த ரிங்கோடும் நல்ல எண்ணைக் காட்டும். கையில் வசதி இருந்தால் லீக் டவுன் டெஸ்ட்டுக்கே போகலாம். சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஏற்றத்தில், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, பிஸ்டன் உச்சியில் நிறுத்தி, 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் தப்புகிறது என்று பார்ப்பது. கிராங்க் திடீரென்று சுழலும், கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, ஃபேன் பக்கம் கை வைக்காமல் செய்யுங்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் புதிது போல. 20 வரை பழைய இன்ஜினுக்கு ஏற்கலாம். 30-ஐத் தாண்டினால் பிரிக்க வேண்டும். இதன் அருமை எண்ணில் மட்டும் இல்லை. காற்று எங்கே சீறுகிறது என்று கேட்கலாம்: ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலென்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ், ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங்.

கசியும் இடத்தைப் பிடிப்பது

அழுத்தம் சரியாக இருந்து கசிவு மட்டும் இருந்தால் வேலை எளிது, ஆனால் இடத்தைத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது. காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும், எடை கீழே இழுக்கும். ஆகவே ஈரமாக இருப்பவற்றில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதுதான் ஊற்று. இன்ஜினை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்படும் இணைப்புகளில் முகப் பவுடரைத் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டியபின் டார்ச் அடித்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுஸிங் அடியில் சொட்டுவதெல்லாம் பின் சீல் இல்லை. டாப்பெட் கவரின் பின் மூலையிலிருந்தும், ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சிலிருந்தும் வழிவது அதே இடத்தில்தான் சேரும். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லை.

இங்கே அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். பழைய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் பிஎம்சி பி சீரிஸ் வம்சம். அதன் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஆயிலை உள்நோக்கித் திருப்பி அனுப்பும் மரை மட்டும் உண்டு. பின்பக்கம் சரிந்த இடத்தில் நிறுத்தினால் நாலு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அங்கே மாற்ற சீல் இல்லை என்பதால் கிராங்க்கேஸ் அழுத்தத்தைக் குறைப்பதே முதல் வழி.

எந்த நிலைக்கு எந்த வேலை

சீல், பேக்கிங் மட்டும்: அழுத்தம் வரம்புக்குள், லீக் டவுன் 20-க்குள், கசிவு ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் இதுதான் சரி. பின் சீலின் விலை அற்பம், கியர்பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிது. அதனால் இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட்டைப் பார்த்துவிடுங்கள், ஆயில் குடித்த பிளேட் மறுபடி பிடிக்காது. கிராங்க்கில் பழைய சீல் உராய்ந்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புது சீலை 2 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தின் மேல் மெல்லிய உறையான ஸ்லீவ் போட வேண்டும். கிளட்ச்சை மிதிக்கும்போது முன்பக்கக் கிராங்க் புல்லி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் போயிருக்கிறது. அந்த நிலையில் எந்த சீலும் நிற்காது. சம்ப் பேக்கிங்கில் அனபாண்ட் பசையை அள்ளிப் பூசுவது நம் ஊர் வழக்கம். உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும். மெல்லிய ஒரு கோடு போதும். அதற்கு முன் சம்ப் விளிம்பில் போல்ட் துளைகளைச் சுற்றி உப்பியிருப்பதைத் தட்டி நேராக்குங்கள், பாதிக் கசிவு அங்கேதான்.

வால்வ் சீல் மட்டும்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை, ஏற்காடு போன்ற மலையில் கியரில் இறங்கி முடித்து மிதித்ததும் ஒரு புகை மேகம், மற்ற நேரம் சுத்தம் என்றால் இது. டர்போ இல்லாத இன்ஜினில் இதனால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறாது. ஆக, அழுத்தத்துக்காக யாராவது வால்வ் சீல் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட ரிங்கை விடுவிப்பது: நெடுநாள் நின்ற பெட்ரோல் வண்டிக்கு மட்டும் முயலத் தகுந்தது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு 30, 40 மி.லி. டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து விட்டு இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து மிச்சத்தை வெளியேற்றி, இன்ஜின் ஆயிலை மாற்றியபின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கலவை சம்புக்குள் இறங்கியிருக்கும் என்பதை மறந்தால் பேரிங் போகும். பலித்தால் ஒரு முழு வேலை மிச்சம்.

ரிங் மட்டும் போடுவதா, ரீபோரா: இதுதான் அதிகம் பணம் வீணாகும் கிளை, இங்கே பேச்சை நம்பாதீர்கள், சிலிண்டரின் உள்விட்டத்தை (போர்) அளக்கும் போர் கேஜை நம்புங்கள். ஹெட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் என்றால் கல்லால் தேய்த்து ஹோன் செய்து ரிங் போடலாம். 0.10-ஐத் தாண்டினால் ரீபோர். காரணம் எளிய கணக்கு: விட்டம் 0.10 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.31 மி.மீ. கூடும், அவ்வளவும் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியில் சேரும். மாருதி 800-இன் 68.5 மி.மீ. போரில் புது ரிங்கின் வாய் கால் மி.மீ. அளவில்தான் இருக்கும், அது மேல்பகுதியில் இரண்டு மடங்குக்கு மேல் திறந்து நிற்கும். ஒவ்வொரு அடியிலும் விரிந்து சுருங்கும் ரிங் சீக்கிரமே களைத்து, பேக் கம்ப்ரஷன் திரும்பி வரும். ரிங் மட்டும் போடும்போது போரின் மேல் விளிம்புத் திட்டை அறுத்தெடுக்காவிட்டால் புது டாப் ரிங் அதில் இடித்தே உடையும்.

ஹோன் செய்த போரை டீசலில் கழுவினால் போதாது. கல் தூள் கீறல்களுக்குள்ளேயே இருக்கும். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். லேத் பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை இந்தத் துணிச் சோதனை செய்யாமல் பூட்டச் சம்மதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தனியாகச் செருகிய குழாயான லைனர் உள்ள டீசல்களில் ரீபோருக்குப் பதில் லைனர் கிட். லீக் டவுனில் ஒரே சிலிண்டர் மட்டும் 40 காட்டி மற்றவை 15-க்குள் இருந்தால் உடைந்த ரிங்கோ ஓட்டை விழுந்த பிஸ்டனோதான். அதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

செகண்ட் இன்ஜின்: சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைப்பது விரைவு வழி. ஆனால் வாங்குவது இன்னொருவரின் பேக் கம்ப்ரஷனாக இருக்கக் கூடாது. தரையில் கிடக்கும் இன்ஜினிலும் லீக் டவுன் செய்யலாம். விற்பவர் மறுத்தால் நடையைக் கட்டுங்கள். இன்ஜின் எண் மாறுவதால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்டிஓ அலுவலக ஒப்புதலும் ஆர்சியில் பதிவும் வேண்டும். பில் இல்லாத இன்ஜின் அங்கேதான் சிக்கும்.

அப்படியே ஓட்டுவது: இதுவும் ஒரு நியாயமான முடிவுதான். ஆர்சி புதுப்பிப்புக்கு ஓராண்டே இருக்கிறது, அதன்பின் வண்டியை விடப்போகிறோம் என்றால் முழு வேலையில் போடும் பணம் திரும்பாது. டீசலில் பிரீதர் ஹோஸை அதன் வாய் அளவுக்குக் குறையாத புது ஹோஸாக, நடுவில் தொங்கல் இல்லாமல் இழுத்து, ஒரு ஆயில் பிடிக்கும் டப்பாவில் விட்டால் அழுத்தமும் கசிவும் ஓரளவு தணியும். பெட்ரோல் காரில் பிசிவியைக் கழற்றி இப்படிச் செய்ய வேண்டாம், ஐடிலும் புகைச் சோதனையும் கெடும். மூன்று நிலைகளில் மட்டும் இந்த வழியை எடுக்கக் கூடாது: ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீ அபாயம், கிளட்ச்சில் விழுந்தால் மேட்டில் வண்டி நிற்கும், டீசலில் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்குள் ஆயில் தேங்கினால் இன்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்துத் தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மற்றபடி சமதளத்தில் முழுக் குறி வரை ஊற்றி 1,000 கி.மீ. ஓட்டி, மறுபடி குறியைத் தொட எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அரை லிட்டர் என்றால் டிக்கியில் ஒரு லிட்டர் டப்பாவோடு ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தாண்டினால் இந்த வழி உங்களுக்கு இல்லை, போர் கேஜ் உள்ள லேத் பட்டறையைத் தேடுங்கள்.